அது பஞ்சர் இல்லை



கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு ஆற அமரப் படியுங்கள். வழக்கமாகப் பள்ளிக்கூட நினைவுகளையும் தோட்டத்தில் பூத்த செம்பருத்தியையும் போடுகிற நான், இன்று காரைப் பற்றி எழுதுகிறேன். காரணம் இருக்கிறது. சிதம்பரத்தில் இருக்கும் அக்கா பிள்ளைகளிடம் நான் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். போன அக்னி நட்சத்திரத்தில், கண் ஆபரேஷன் செய்த உங்கள் அம்மாவை ஒன்றரை மணி நேரம் நடுரோட்டு வெயிலில் வைத்திருந்தேனே, அன்று உங்களிடம் "பஞ்சர்" என்று சொன்னேன். அது பஞ்சர் இல்லை.

முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக் காரை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 2009-இல் என் கணவர் வாங்கிய சின்னக் கார். எனக்கு ஐம்பத்தாறு வயதில் அவர்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். செம்மண்டலம் சந்திப்பில் கிளட்சை விடத் தெரியாமல் நான் நிறுத்திவிட, பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிக்க, "பதறாத, அவனுக்கும் இப்படித்தான் ஒருநாள் நின்னிருக்கும்" என்பார். 2019-இல் அவர் போனபிறகு, "அம்மா, அந்தக் காரை வித்துடு, எங்கயாவது போகணும்னா கால் டாக்சி வச்சுக்கோ" என்று பெங்களூரில் இருக்கும் மகன் வாரம் தவறாமல் சொல்வான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எனக்குத்தான் மனசு வரவில்லை. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தால் அவர் பக்கத்து இருக்கையில் இருக்கிற மாதிரி ஒரு தெம்பு. இதற்குமேல் விளக்கத் தெரியவில்லை.

போன வருடம் ஆடி மாதம் ஒருநாள் காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடும்போது, கார் நிற்கும் இடத்தில் தரையில் பச்சையாக நாலைந்து சொட்டு கிடந்தது. தெருப் பூனை அதை மோந்து பார்த்தது. விரட்டிவிட்டேன். மறுநாளும் இருந்தது. மூன்றாம் நாள் கோலப்பொடி மேலேயே ஒரு பச்சைக் கோடு ஓடியிருந்தது. அது கூலன்ட் என்று தெரிந்துகொள்ளும் அளவுக்கு அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

மெக்கானிக்கிடம் போயிருக்க வேண்டும். நெல்லிக்குப்பம் சாலையில் பட்டறை வைத்திருப்பவன் என் பழைய மாணவன். பெயர் போட்டால் கோபித்துக்கொள்வான், அதனால் போடவில்லை. அவன் வகுப்பில் படித்தவர்கள் ஊகித்துக்கொள்வீர்கள். அவனிடம் போனால் ரேடியேட்டர் போய்விட்டது என்பான், அந்தச் செய்தி எப்படியோ மகன் காதுக்குப் போகும், "சொன்னேன்ல, வித்துடு" என்பான். அந்தப் பயத்தில் நான் போனது உதிரிபாகக் கடைக்கு. "தம்பி, ரேடியேட்டர் லேசா கசியுது" என்றேன். கடைப் பையன் ஒரு சின்ன பாட்டிலை எடுத்து வைத்தான். "இத ஊத்தி வண்டிய இருபது நிமிஷம் ஓட விடுங்கம்மா, அடைச்சுக்கும்." நானூறு ரூபாய்கூட இல்லை.

வீட்டுக்கு வந்து, இன்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து ஊற்றினேன். மறுநாள் தரை காய்ந்திருந்தது. அதற்கு மறுநாளும். எனக்குள் ஒரு வெற்றிக்களிப்பு. பாட்டிலில் பொடி எழுத்தில் ஏதோ அச்சிட்டிருந்தது. கண்ணாடி போட்டுப் படித்திருக்கலாம். "வினாத்தாளை முழுசாப் படிச்சிட்டு எழுதுங்க" என்று முப்பத்துநான்கு வருடம் உங்களிடம் கத்தியவள் அதைப் படிக்கவில்லை.

கார்த்திகை மழையில் மறுபடி சொட்டியது. இரண்டாவது பாட்டில். மாசியில் மறுபடி. மூன்றாவது பாட்டில். நடுநடுவே குறைந்த தண்ணீருக்கு எங்கள் வீட்டு போர் தண்ணீரையே ஊற்றினேன். கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிற அதே தண்ணீர். காலி பாட்டில்கள் மூன்றையும் படிக்கட்டுக்கு அடியில் பழைய பேப்பர் கட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். பீடி குடிக்கிற பையன்கள் பள்ளிக்கூடக் கூரைக்கு அடியில் ஒளித்து வைப்பார்களே, அந்த மாதிரி.

இப்போது கொஞ்சம் பாடம். டீச்சர் பாடம் நடத்தாமல் விடமாட்டாள் என்று உங்களுக்குத் தெரியும்.

காரின் கூலன்ட் ஓடும் பாதையை பிரஷர் குக்கர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கும். குக்கரில் விசில் போட்டு மூடினால் அழுத்தம் ஏறி, கொதிநிலை 120 டிகிரி வாக்கில் போய்விடும். ரேடியேட்டர் மூடியும் அந்த விசில் வேலையைத்தான் செய்கிறது. கிட்டத்தட்ட அதே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அதனால்தான் கூலன்ட் நூறைத் தாண்டினாலும் கொதிக்காமல் இன்ஜினைச் சுற்றி வந்து, ரேடியேட்டரில் ஆறி, மறுபடி இன்ஜினுக்குப் போகிறது. எங்கேயாவது ஊசித்துளை விழுந்தால் கூலன்டும் போகும், அழுத்தமும் போகும்.

இந்த அடைப்பான் மருந்து அந்தத் துளையை எப்படி அடைக்கிறது? நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்குவது சுலபம். வயல் வரப்பில் நண்டு வளை போட்டால் தண்ணீர் அந்த வழியாகத்தான் பாயும். அந்த இடத்தில் தூசி, வைக்கோல், சேறு எல்லாம் தானாக இழுபட்டு வந்து சிக்கும். மருந்திலும் நுண்ணிய நாரும் பொடியும் இருக்கின்றன. சிலவற்றில் உலோகத் துகள்கூட உண்டு. கூலன்டோடு அவை சுற்றி வரும்போது, துளை வழியாக வெளியேறப் பார்க்கும் நீர் அவற்றைத் துளையின் வாயில் கொண்டுபோய்ச் சொருகிவிடுகிறது. இன்னொரு வகை சோடியம் சிலிக்கேட் கலந்தது. சூட்டில் அதன் ஈரம் வற்றி, கண்ணாடி மாதிரி இறுகிவிடும். லாரி டிரைவர்கள் இதே வேலைக்கு ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போடுவார்கள். என் அப்பா காலத்திலிருந்தே கேள்விப்பட்டது.

ஏமாற்று வேலை என்று நினைத்துவிடாதீர்கள். நாட்டிலஸ் என்ற அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலைப் பற்றிப் பொது அறிவில் படித்திருப்பீர்கள். 1958-இல் வடதுருவப் பனிக்கு அடியில் போவதற்கு முன், அதன் நீராவியைக் குளிர்விக்கும் பகுதியில் கடல்நீர் கசிந்தது. எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மாலுமிகள் சாதாரண உடுப்பில் சியாட்டில் நகரத்துக் கார் கடைகளுக்குப் போய், இதே கார் அடைப்பான் மருந்தை 140 டப்பா வாங்கி வந்தார்கள். பாதியை ஊற்றினார்கள். கசிவு நின்றது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 3-ஆம் தேதி அந்தக் கப்பல் வடதுருவத்தைக் கடந்தது. கேப்டன் வில்லியம் ஆண்டர்சன் இதைப் பின்னாளில் தன் புத்தகத்திலேயே எழுதினார்.

அணுசக்திக் கப்பலுக்கே ஆனது, என் காருக்கு ஆகாதா? ஆகும். ஆனால் அவர்கள் செய்ததற்கும் நான் செய்ததற்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. அது பிறகு புரிந்தது.

மே மாதம். அக்காவுக்குப் புதுச்சேரியில் கண்புரை ஆபரேஷன். ஒரு வாரம் என் வீட்டில் வைத்திருந்து பார்த்துக்கொண்டேன். சிதம்பரத்தில் கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு. ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். காலையிலேயே கிளம்பியிருக்கலாம். சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று அக்கா சொல்ல, பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. கண்ணில் மூடி, கறுப்புக் கண்ணாடி, மடியில் மாத்திரைப் பை. முதுநகர் தாண்டி, சிப்காட் தாண்டி, ஆலப்பாக்கம் தாண்டும்வரை ஒன்றுமில்லை. சூட்டு முள்ளும் நடுவிலேயே நின்றது. திடீரென்று ஏசியில் அனல் காற்று வந்தது. வண்டி இழுக்கவில்லை. முள் ஒரே எட்டில் சிவப்புக்குப் போனது. முன்னாலிருந்து புகை மாதிரி ஆவி.

நிறுத்திய இடத்தில் நிழல் இல்லை. அந்தச் சாலையில் இரண்டு பக்கமும் புளியமரம் கைகோத்து நின்ற காலம் உங்களுக்கு நினைவிருக்கும். நாலு வழிச்சாலைக்காக எல்லாம் போய்விட்டன. அக்கா உள்ளே உட்கார்ந்தால் வெந்துவிடுவாள், வெளியே நின்றால் வெயில். கண்ணில் வியர்வை படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சர்க்கரை வேறு. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பானெட்டைத் தூக்கி, டவலைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனேன்.

"கையை எடும்மா!"

டேங்கர் லாரியை ஓரம்கட்டிவிட்டு ஒரு டிரைவர் ஓடி வந்தார். என் கையைத் தட்டியே விட்டார். "திறந்தா மூஞ்சி வெந்துடும். முக்கா மணி நேரம் தொடாதீங்க." குக்கர் விசிலை அடுப்பில் இருக்கும்போது பிடுங்குவேனா நான்? அதைத்தான் செய்யப் போனேன். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய், உள்ளே இருப்பது மொத்தமும் கொதித்துப் பீச்சியடிக்கும். அந்த மனிதரின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தர் அக்காவைக் கூப்பிட்டுத் திண்ணையில் உட்காரவைத்து நீர்மோர் கொடுத்தார். அக்கா அந்த ஒன்றரை மணி நேரமும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "வண்டின்னா அப்படித்தான்டி, பழசாச்சுல்ல, நம்மள மாதிரி" என்றாள். அது இன்னும் சுட்டது. ஒரு வாடகைக் காரைப் பிடித்து அக்காவை அனுப்பிவிட்டு, சிதம்பரத்துக்கு போன் செய்து "பஞ்சர்" என்றேன்.

பிறகு என் மாணவனுக்கு போன் போட்டேன். உதவியாளோடு வந்து, காரை வேனில் கட்டி இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனான். கேட்ட முதல் கேள்வி: "டீச்சர், ரேடியேட்டர்ல ஏதாவது ஊத்தினீங்களா?"

"இல்லப்பா. தண்ணிதான்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். அசட்டுத்தனமாக மூன்று பாட்டில் ஊற்றினேன் என்று என் மாணவனிடம் சொல்ல வெட்கம். அவ்வளவுதான். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்று கரும்பலகையில் எழுதி, இவனை ஐம்பது தடவை எழுதவைத்தவள் நான்.

அவன் நான் சொன்னதை நம்பினான். சந்தேகமே படவில்லை. டீச்சர் சொன்னால் சரிதானே? அந்த நம்பிக்கையில் வேறு திசையில் தேடினான். தெர்மோஸ்டாட்டை மாற்றினான். சரியான கூலன்டை ஊற்றினான். சாமானுக்கு மட்டும் காசு வாங்கினான். ஓட்டிப் பார்க்க நெல்லிக்குப்பம் வரை எடுத்துக்கொண்டு போனான். திரும்பும் வழியில் வண்டி மறுபடி கொதித்து நின்றது. இந்தத் தடவை ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. இன்ஜினின் மேல் பாகத்துக்கும் கீழ்ப் பாகத்துக்கும் நடுவே இருக்கிற தகடு அது. ஹெட்டும் சூட்டில் லேசாக வளைந்திருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கே வந்தான். செருப்பை வாசலில் விட்டுவிட்டு நின்றபடியே சொன்னான். "என் தப்புதான் டீச்சர். இன்னும் நல்லாப் பாத்துட்டு எடுத்திருக்கணும். என் கையில போச்சு. நானே செஞ்சு தரேன், நீங்க காசு தர வேணாம்."

நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. காபி கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனான்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள், பெரியவள் ப்ளஸ் டூ. பட்டறைக்கு வாடகை. என் மூன்று பாட்டிலுக்கு அவன் இருபதாயிரம் ரூபாய் இழக்கப் போகிறான், அதைவிடத் தன் கைவேலை மீதே சந்தேகப்படப் போகிறான். ஐந்தாம் வகுப்பில் இவன் பக்கத்துப் பையன் செய்த தப்புக்கு அடி வாங்கிக்கொண்டு வாய்திறக்காமல் நின்றவன். அன்றைக்கு அடித்தவளும் நான்தான்.

விடிந்ததும் படிக்கட்டுக்கு அடியிலிருந்து மூன்று பாட்டிலையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு நடந்தே பட்டறைக்குப் போனேன். மேசைமேல் வைத்தேன். "உன் தப்பு இல்லப்பா. நான் பொய் சொன்னேன்" என்றேன்.

பார்த்தான். எண்ணினான். "மூணா டீச்சர்?" என்று சிரித்துவிட்டான். கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஸ்டூலைத் துடைத்துப் போட்டு என்னை உட்காரச் சொல்லிவிட்டு, ரேடியேட்டரைக் கழற்றி அதன் பிளாஸ்டிக் மூடியை நெம்பி எடுத்துக் காட்டினான். உள்ளே வரிசையாக மெல்லிய குழாய்கள், தீக்குச்சி நுழைகிற அளவுக்குத்தான் வழி. பாதிக்கு மேல் பழுப்பாக ஏதோ அப்பியிருந்தது. களி மாதிரி. அதோடு என் போர் தண்ணீரின் வெள்ளைப் படிவமும். "இந்த மருந்துக்கு எது ஓட்டை, எது வழின்னு தெரியாது டீச்சர். குறுகலா இருந்தா அடைக்கும். ஒரு பாட்டில்ல தப்பிச்சிருக்கும். மூணு ஊத்தினா எங்க போகும்?"

சூட்டு முள் ஏன் கடைசிவரை நடுவிலேயே நின்றது என்று கேட்டேன். "சூடு பாக்குற சென்சார் கூலன்ட்ல முங்கி இருந்தாத்தான் சரியா காட்டும். கூலன்ட் இறங்கிட்டா அது வெறும் ஆவியில தொங்கும். அப்புறம் அது சொல்றது கணக்கில்ல" என்றான். ஆடியிலேயே வந்திருந்தால் ரேடியேட்டர் மட்டும் மாற்றி, நாலாயிரத்து ஐந்நூறு ரூபாயில் முடிந்திருக்குமாம். எனக்கு ஆன மொத்தச் செலவு இருபத்தோராயிரத்து நானூறு. முழுசாகக் கொடுத்தேன். வாங்க மறுத்தவனை, "வாங்கலன்னா இம்போசிஷன்" என்று மிரட்டித்தான் கொடுத்தேன்.

அன்று அவன் எனக்கு நடத்திய பாடத்தை அப்படியே உங்களுக்குத் தருகிறேன்.

1. இந்த மருந்து ஊசித்துளைக் கசிவுக்கு மட்டும். ஹோஸ் கிழிந்தாலோ, பிளாஸ்டிக் தொட்டி வெடித்தாலோ, வாட்டர் பம்ப் கசிந்தாலோ இதை நம்பக்கூடாது.

2. ஊற்றுவது வீடு போய்ச் சேர, அல்லது பட்டறை போய்ச் சேர. ஒரு தடவைதான். மறுபடி கசிந்தால் மறுபடி ஊற்றக்கூடாது.

3. ஊற்றிய தேதியை எழுதி வையுங்கள். மெக்கானிக்கிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். அவர் கூலன்ட் மொத்தத்தையும் வடித்து, உள்ளே கழுவி, பழுதான பாகத்தை மாற்றட்டும்.

4. வண்டி கொதித்தால் ஏசியை அணையுங்கள். ஹீட்டர் இருந்தால் முழுசாகத் திருப்புங்கள், இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தை அது வெளியே தள்ளும். ஓரம்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். முக்கால் மணி நேரம் மூடியைத் தொடாதீர்கள். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.

5. சொட்டிய கூலன்டை உடனே கழுவிவிடுங்கள். இனிப்பாக இருப்பதால் நாய், பூனை நக்கும். குழந்தையும் தொட்டு வாயில் வைக்கும். அது விஷம்.

இன்னொன்றும் படித்தேன். 2009-இல் அமெரிக்க அரசு பழைய கார்களை ஒழிக்க ஒரு திட்டம் போட்டது. அந்த இன்ஜின்கள் மறுபடி ஓடவே கூடாது என்று, ஆயிலை வடித்துவிட்டு அதற்குப் பதில் சோடியம் சிலிக்கேட் கரைசலை ஊற்றி ஓடவிட்டார்கள். சில நிமிடங்களில் இன்ஜின் இறுகிச் செத்துப்போகும். ஒரு இடத்தில் கசிவை அடைக்கிற பொருள், இன்னொரு இடத்தில் இன்ஜினையே முடிக்கிறது.

நாட்டிலஸ் கப்பலுக்கும் எனக்கும் இருந்த வித்தியாசத்துக்கு வருகிறேன். எதை ஊற்றினோம், ஏன் ஊற்றினோம் என்று அந்தக் கப்பலில் இருந்தவர்களுக்குத் தெரியும். நான் ஊற்றியது எனக்கு மட்டும்தான் தெரியும். தற்காலிக ஏற்பாட்டில் தப்பில்லை. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயலில் எங்கள் சமையலறை ஓடு பறந்தபோது, "ரெண்டு வாரத்துக்கு" என்று தார்ப்பாய் கட்டினோம். அது இல்லாவிட்டால் அந்த இரண்டு வாரம் சமைத்திருக்க முடியாது. ஆனால் அந்தத் தார்ப்பாய் மூன்று வருடம் கிடந்தது. கீழே இருந்த மரச்சட்டம் உளுத்துப்போனது பிறகுதான் தெரிந்தது. சொட்டு நின்றதும் நாம் மறந்துவிடுகிறோம். நான் மறந்ததோடு நிற்கவில்லை, மறைத்தேன்.

மகனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வித்துடு என்பான் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் அப்படிச் சொல்லிட்டே இருந்ததாலதான் மறைச்சியாம்மா?" என்று கேட்டான். "ஆமாம்ப்பா" என்றேன். அதற்குப் பிறகு காரைப் பற்றி அவன் பேசுவதில்லை. "கூலன்ட் பாத்தியா?" என்று மட்டும் ஞாயிற்றுக்கிழமை கேட்பான்.

கார் இப்போது புது ரேடியேட்டரோடு நன்றாக ஓடுகிறது. வாசலில் பச்சைச் சொட்டு இல்லை. டேஷ்போர்டு அறையில் ஒரு அடைப்பான் பாட்டில் இருக்கிறது. என் மாணவனே வாங்கிக் கொடுத்தது. "வழியில நின்னா ஊத்துங்க டீச்சர், தப்பில்ல. ஊத்தின அன்னிக்கே எனக்கு போன் பண்ணுங்க" என்று சொல்லி, அதன்மேல் மார்க்கரால் தன் நம்பரை எழுதித் தந்தான். கையெழுத்து ஐந்தாம் வகுப்பில் இருந்த அதே கோழிக்கிறுக்கல்தான். படிக்க முடிகிறது.

அக்கா பிள்ளைகளே, உங்கள் அம்மாவின் கண்ணுக்கு அன்று ஏதாவது ஆகியிருந்தால் என் பொய்க்கு ஈடு சொல்ல முடியாது. ஆண்டவன் காப்பாற்றினான். மன்னித்துவிடுங்கள். அக்காவிடம் நேரில் சொல்லிவிட்டேன். "பஞ்சர்னா இப்படிப் புகையுமாடி? எனக்கு ஒரு கண்ணுதான் மூடியிருந்துது" என்றாள்.

மாணவச் செல்வங்களே, வீட்டில் எதையாவது இப்படி அடைத்துவைத்திருந்தால் யாரிடமாவது இன்றே சொல்லிவிடுங்கள். பெற்றவர்கள் வயதானவர்களாக இருந்தால், அவர்கள் சொல்லும்படி நீங்கள் கேளுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.

உங்கள் டீச்சர்,
செம்மண்டலம், கடலூர்.